எலுமிச்சம்பழம் அறுத்த கத்தி

ராமசெல்வி நல்லவளா என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். நல்லவளாவது ஒன்றாவது. காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவள் அவள். ஐஸ் பாரைச் சாக்கின் மேல் சாய்த்து மரச்சுத்தியால் ஒரு போடு போட்டால், அது அவள் நினைத்த இடத்தில்தான் பிளக்கும். அதே கையால்தான் திருவொற்றியூர்ப் பையன்களையும் அறைவாள். வாங்கிய எவனும் எதிர்த்துப் பேசியதில்லை. நான் ஷாகுல் ஹமீது, தண்டையார்பேட்டையில் வேன் ஓட்டுகிறவன். அவளைப் பல வருஷமாகத் தெரியும். இன்றைக்கும் அவள் குரலை உயர்த்தினால் நான் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அவள் தம்பி ஏகாம்பரத்தை டோல்கேட்டில் ஒரு டீக்கடை வாசலில் வைத்து வெட்டினார்கள். பட்டப்பகல். கையில் டீ கிளாஸ் இருக்கும்போதே முதல் வெட்டு கழுத்தில் விழுந்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை ஓடினான். அங்கே விழுந்த பிறகும் விடவில்லை. எதற்கு என்று கேட்காதீர்கள், சொன்னால் வெட்கக்கேடு. ஒரு பைக் இன்னொரு பைக்கை உரசியதில் ஆரம்பித்த தகராறு அது. முதல் வெட்டு வெட்டியவன் பெயர் சின்னப்பையன், அவன் ஜெயிலுக்குப் போனான்.

ராமசெல்வியின் மகன் பாஸ்கர் அப்பா முகம் பார்க்காதவன். அந்த மாமன் தோளில்தான் வளர்ந்தான். மாமனுக்குக் கொள்ளி வைத்ததும் அவன்தான். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போதே சொல்லிவிட்டான், சின்னப்பையனின் தம்பி டில்லிபாபுவைப் போடாமல் விடமாட்டேன் என்று. எங்கள் ஏரியாவில் இப்படிச் சொல்கிறவனுக்குத் தோஸ்துகள் தானாகச் சேர்ந்துவிடுவார்கள். புத்தி சொல்லத்தான் ஒருத்தனும் வரமாட்டான்.

ராமசெல்வி என்ன செய்தாள் தெரியுமா? காரியம் முடிந்ததும் நேரே டில்லிபாபு வீட்டுக்குப் போனாள். அவன் அம்மா பயந்துபோய்க் கதவைச் சாத்தியிருக்கிறாள். இவள் கதவை எட்டி உதைத்து, "உன் புள்ளைய சாயங்காலத்துல என்னான்ட அனுப்பு. என் கண்ணு முன்னாடி இருந்தா எவனும் தொடமாட்டான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். பழைய வலைக் கொட்டகை ஒன்றைக் கூட்டிப் பெருக்கி, அக்கம்பக்கத்துப் பையன்களையெல்லாம் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தாள். ஃபுட்பால், கேரம், ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு. பாஸ்கரையும் டில்லிபாபுவையும் ஒரே டீமில் போட்டாள்.

"ரெண்டு பேரும் ஒரே பந்த ஒதைச்சாங்கன்னா வெறி கொறையும் பாய்" என்றாள் என்னிடம். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. ஆனால் ஒரு வருஷம் ஓடியது, ஒன்றும் நடக்கவில்லை. அவள் நம்ப ஆரம்பித்துவிட்டாள். நானும்தான்.

அப்போதுதான் பையன்கள் போனில் ஏதோ ஒரு குகை வீடியோவைப் பார்த்துவிட்டு, தவழ்ந்து தவழ்ந்து உள்ளே போகிற குகைக்குத்தான் போக வேண்டும் என்று அவளைப் பிடுங்கி எடுத்தார்கள். கடப்பாவைத் தாண்டி அப்படி ஒன்று இருந்தது. வேன் என்னுடையது.

விடிந்ததும் கிளம்பினோம். ஏறுவதற்கு முன்னால் அவள் ஒரு சாக்கை விரித்து, எல்லோருடைய பையையும் கொட்டச் சொன்னாள். ஒருத்தன் பையிலிருந்து சைக்கிள் செயின் விழுந்தது, அவனுக்கு ஓர் அறை. பாஸ்கர் பையிலிருந்து மீன் அரியும் கத்தி வந்தது. அவள் வீட்டுக் கத்திதான்.

"இன்னாடா இது?"

"எலுமிச்சம்பயம் அறுக்கத்தாம்மா. மொத மொதல்ல குகைக்குள்ள போறோம். சுத்திப் போட வாணாமா?"

புதுப் படகைக் கடலில் இறக்கினாலும், புது வண்டி எடுத்தாலும் எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி நாலு பக்கமும் வீசாமல் காசிமேட்டுக்காரர்கள் ஒரு அடி வைக்கமாட்டார்கள். என் வேன் சக்கரத்தில் அவர்கள் வைத்து நசுக்கிய பழத்துக்கெல்லாம் ஊறுகாய் போட்டிருந்தால் தெருவுக்கே ஆகியிருக்கும். சைக்கிள் செயினுக்கு அறைந்தவள் அந்தக் கத்தியைத் திருப்பி அவன் பைக்குள்ளேயே வைத்தாள். திருஷ்டி கழிக்காமல் மலையின் வயிற்றுக்குள் பிள்ளைகளை அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

மதியம் குகை வாசலில் சூடம் ஏற்றினார்கள். வழிகாட்டி தெலுங்குக்காரர், ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார். பாஸ்கர் பழத்தை அறுத்தான். ராமசெல்வி குங்குமம் தடவிப் பிழிந்து வீசினாள். பைகளை வேனில் போட்டுப் பூட்டிவிட்டு, தலையில் விளக்கு மாட்டிய தொப்பியோடு உள்ளே இறங்கினோம். அறுத்த கத்தி எங்கே என்று அந்த நேரத்தில் எவருக்கும் தோன்றவில்லை.

உள்ளே காற்று புழுங்கியது. கொஞ்ச தூரத்தில் பாறை இறங்கி, வயிறு தரையில் தேய ஊர்ந்து போகிற பொந்தாகிவிட்டது. திரும்பவும் முடியாது, எழவும் முடியாது. வழிகாட்டியும் மற்ற பையன்களும் முன்னால் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் டில்லிபாபு, அவன் குதிகாலை ஒட்டிப் பாஸ்கர், அப்புறம் ராமசெல்வி, கடைசியில் தொப்பையைத் திட்டிக்கொண்டு நான்.

பாதி வழியில் அவள் நின்றாள்.

"பாஸ்கரு, அந்தக் கத்தி எங்கடா?"

"பையில கீதும்மா."

"பை வண்டியிலதானடா கீது."

பாஸ்கர் இன்னும் வேகமாக ஊர ஆரம்பித்தான். அவள் குரலை உயர்த்தவில்லை. "டில்லி, நிக்காத. வேகமாப் போய்கினே இரு" என்றாள். சொல்லிக்கொண்டே மகனின் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள்.

அவன் உதைத்தான். இருட்டில் ஷூ எலும்பில் மோதுகிற சத்தம் கேட்டது. அவள் மூக்கு உடைந்து ரத்தம் பாறையில் ஒழுகியது. பின்னால் ஊர்ந்த என் உள்ளங்கையில் அது வழவழத்தது. அவன் திரும்பத் திரும்பப் பெற்றவளின் முகத்தில் உதைத்தான். அவள் விடவில்லை. ஷூ கழன்று அவள் கையோடு வந்த பிறகுதான் அவன் தப்பினான்.

பொந்து ஒரு கூடம் போன்ற இடத்தில் முடிந்தது. நான் தலையை நீட்டும்போது டில்லிபாபு குப்புறக் கிடந்தான். அவன் இடது தோளில் கத்தி இறங்கியிருந்தது. பாஸ்கர் அதைப் பிடுங்கி மறுபடி ஓங்கினான். வழிகாட்டியும் முன்னால் போன பையன்களும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். அவர்கள் விளக்குகளெல்லாம் அந்தக் கையின் மேல்தான் இருந்தன.

ராமசெல்வி தரையில் கிடந்த கல் ஒன்றை எடுத்தாள். ஒரே போடு. ஓங்கிய கை மணிக்கட்டில் மடிந்து தொங்கியது. அந்தச் சத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

பாஸ்கர் அலறிக்கொண்டு விழுந்தான். கத்தி டில்லிபாபுவின் பக்கம் போய் விழுந்தது. அவன் எடுத்தான். எழுந்து பாஸ்கரின் நெஞ்சில் முட்டியை ஊன்றி, கத்தியைத் தொண்டையில் வைத்தான். ஒரு வருஷமாக உள்ளே இருந்த பயமெல்லாம் அவன் முகத்தில் வெறியாகத் தெரிந்தது. நான் கலிமா சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

ராமசெல்வி கல்லைக் கீழே போட்டாள். மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் போக, கையை நீட்டினாள்.

"குடு டில்லி. அது என் வூட்டுக் கத்தி. நாளைக்கு மீன் அரியணும்."

அவன் கத்தியைத் தொண்டையிலிருந்து எடுக்கவில்லை. "உம்புள்ள என்னைக் குத்திட்டான் யக்கா."

"பாத்தேன். அதான் ஒடச்சேன். குடு."

அவன் கொடுத்துவிட்டு, குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதான்.

வெளியே வர அதே பொந்துதான் வழி. உடைந்த கையோடு பாஸ்கரால் ஊர முடியாது. அவன் அக்குளுக்கடியில் துண்டைக் கொடுத்து யாராவது முன்னால் இழுக்க வேண்டும். பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டில்லிபாபு தோளில் துணியைக் கட்டிக்கொண்டு துண்டின் முனையைப் பிடித்தான். வலி தாங்காமல் கெட்ட வார்த்தையாகக் கொட்டிக்கொண்டே அவனை வெளிச்சம் வரை இழுத்து வந்தான். ஏன் இழுத்தாய் என்று பிறகு கேட்டேன். "யக்கா அவன் கைய ஒடச்சிச்சே பாய்" என்றான்.

ஆஸ்பத்திரியில் தோள் எப்படிக் கிழிந்தது என்று கேட்டார்கள். பாறை குத்திவிட்டது என்றான் டில்லிபாபு. பாஸ்கர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவன் கை சரியாகவில்லை. மணிக்கட்டு கோணிக்கொண்டது. விரல்கள் பாதிக்கு மேல் மடங்காது. அவன் அம்மாவோடு பேசுவதில்லை, ஆனால் வீட்டை விட்டும் போகவில்லை. டில்லிபாபு எண்ணூர் பக்கம் வேலைக்குப் போகிறான். இருவரும் தெருவில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிப் போகிறார்கள். வெட்டிக்கொள்வதில்லை, அது போதும்.

போன மாசம் வண்டிக்கு ஐஸ் ஏற்றப் போனபோது மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். "தடுக்கறதுக்கு வேற வழி இல்லியா செல்விம்மா? பெத்த புள்ள கையாச்சே."

அவள் சுத்தியைத் தரையில் ஊன்றி என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கண் கலங்கியிருந்தது. அவள் அழுது நான் பார்த்ததில்லை, ஏகாம்பரம் செத்தபோதுகூட.

"எந்தம்பிக்குக் கொள்ளி வெச்ச கை பாய் அது. எனக்கும் அதான் வெக்கணும். கோணலா இருந்தா இருந்துட்டுப் போவுது. ஜெயிலுக்குள்ள இருந்தா எப்டி வெப்பான்?"

சொல்லிவிட்டு அடுத்த பாரைச் சாய்த்தாள்.