பிளாகில் வெளுத்த ஏலக்காய்

கடந்த மாதம் ஒரு காலை. கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு ஏலக்காய் தரும் பாண்டியண்ணன் உள்ளே வந்தார். கையில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பை. வாசலிலேயே டீ சொல்லிவிட்டு வருகிற மனிதர், அன்று உட்காரக்கூட இல்லை. ஏன் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

குமுளியில் நான் ஏலக்காய் கடை நடத்துவது உங்களுக்குத் தெரியும். பிளாக் தொடங்கிய கதையைச் சொன்னதில்லை. வெளியூர் வாடிக்கையாளர்கள் போனில் தினமும் அதே கேள்விகள்... புதுச் சரக்கு வந்ததா, மழை எப்படி, யார் தோட்டத்துக் காய்? எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டால் என்ன? போட்டேன், படங்களோடு. கூட்டம் சேர்ந்தது. தலையும் கொஞ்சம் கனத்தது — ஒப்புக்கொள்கிறேன்.

அப்போதுதான் மதுரையிலிருந்து ஒரு ஸ்வீட் கடைக்காரர் அழைத்தார். காய் வெளுத்திருக்கிறது என்றார். கடையில் மீதி இருந்த பாக்கெட்டுகளைப் பார்த்தேன். ஆமாம், பச்சை போய் மஞ்சளடித்திருந்தது. எங்கள் தொழிலில் காய்க்கு நிறம்தான் உயிர். வாடிக்கையாளரிடம் மறைக்கலாமா? உள்ளதை உள்ளபடி சொல்லத்தானே பிளாக்? அரை மணி நேரத்தில் பதிவு தயார். 'இது உடும்பஞ்சோலை பாண்டி தோட்டத்துக் காய். காய் உலர்த்தும் ஸ்டோர் அறையில் சூடு அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. வருந்துகிறோம்' என்று எழுதினேன்.

நேர்மையான பெண் என்று பாராட்டு குவிந்தது. வேறு யார் யார் படிப்பார்கள் என்று யோசித்தேனா? குமுளி வியாபாரிகள் அத்தனை பேரும் படித்திருந்தார்கள். பாண்டியண்ணனுக்கு இருப்பது இரண்டு ஏக்கர். அவர் கொண்டுபோன மூட்டைகளை மூன்று கடைகளில் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர், பாண்டியண்ணன் வருவதற்கு முந்தின நாளே இதை என் காதில் போட்டிருந்தார்.

பாண்டியண்ணன் பையை என் மேஜையில் அவிழ்த்தார். அதே பறிப்பு, அதே ஸ்டோர் என்றார். காய் கிளிப்பச்சையாக இருந்தது. அவர் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார். பிளாக் படத்துக்கு அழகாக இருக்குமே என்று, உள்ளே தெரிகிற பாக்கெட்டுகளில் காயைப் போட்டு, வெயில் விழுகிற இடத்தில் வாரக்கணக்கில் அங்கேதான் அடுக்கி வைத்திருந்தேன். அதிலிருந்துதான் மதுரைக்கும் போனது. ஏலக்காயைக் கறுப்புப் பையில் கட்டி இருட்டில் வைக்க வேண்டும், வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும் என்பது இந்த மலையில் யாருக்குத் தெரியாது? எனக்கும் தெரியும். ஆனால் படத்துக்கு வெளிச்சம் வேண்டுமே...

"எழுதுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணிருக்கலாம்ல தங்கச்சி?"

அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. கூனிக்குறுகிப் போனேன்.

அவர் எதிரிலேயே திருத்தம் எழுதினேன். தப்பு என்னுடையது, காய் நல்ல காய் என்று. ஆனால் குற்றத்தைப் படித்த வேகத்தில் திருத்தத்தை யார் படிக்கிறார்கள்? மத்தியானம் வரை பிளாகில் ஒரு பதில்கூட வரவில்லை. கடையை அடைத்துவிட்டு, அவரோடு அந்த மூன்று கடைகளுக்கும் நடந்தேன். பலர் முன்னால் நின்று என் வாயாலேயே சொன்னேன். முதல் கடைக்காரர் சிரித்தார். இரண்டாமவர் பார்க்கலாம் என்றார். மூன்றாவது கடையில் மூட்டையைப் பிரித்தார்கள். கையில் அள்ளிப் பார்த்தார்கள். எடை போடச் சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

முந்தாநாள், அடுத்த பறிப்புக் காய் கேட்டு பாண்டியண்ணனுக்கு போன் செய்தேன்.

"வேற கடைக்குச் சொல்லிட்டேன் தங்கச்சி."

குரலில் கோபமே இல்லை. மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டார்.

திருத்தத்தைத் தாமதமாகப் படித்த வாடிக்கையாளர்கள் இப்போது பிளாகில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் — 'அந்தப் பாண்டியண்ணன் தோட்டத்துக் காய் எப்போது வரும்?' அவர்களுக்குத் தகவல் சொல்லத்தானே இதை ஆரம்பித்தேன்... என்னவென்று எழுதட்டும்?