அந்த மெஷினை எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டேன்

சபையாருக்கு என் தோத்திரம். என் பிள்ளை பிழைத்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். அதற்கு முன்னால் நான் கேட்ட ஒரு காரியத்தை இன்றுதான் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். ஆவடிப் பக்கம் மூளைக்காய்ச்சல் பரவியது. நான் தொழிற்சாலையில் வெல்டர். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையிலேயே மூன்று வீடுகளில் காய்ச்சல். என் மகள் கிரேஸுக்கு ஆறு வயது. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் போனவள், வியாழக்கிழமை காலையில் என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் வலிப்பு. பிறகு மூச்சு அடங்கத் தொடங்கியது.

"மெஷின்லதான் மூச்சு குடுக்கணும். இங்க இருக்கறது ஒண்ணு. அதுல ஆள் இருக்காங்க" என்றார் டாக்டரம்மா. பெரிய ஆஸ்பத்திரிகளுக்கும் போன் செய்தார். எங்கும் காலி இல்லை.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். மெஷினில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். அவருக்கும் அதே காய்ச்சல்.

வராந்தா முழுக்க இதே பேச்சு. "வாழ்ந்து முடிச்ச மனுஷன். கொழந்தைக்குக் குடுக்கலாம் இல்ல?" என்றாள் ஒரு அம்மா. "மொதல்ல வந்தவருக்குத்தானே? உங்கப்பன்னா இப்பிடிப் பேசுவியா?" என்று ஒருவர் சீறினார். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லார் வீட்டிலிருந்தும் ஒருவர் உள்ளே படுத்திருந்தார்.

நான் டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டேன். "அவருகிட்டருந்து எடுத்து எம் பொண்ணுக்கு வைங்க மேடம்."

"எடுத்தா அவர் இருக்க மாட்டார். அத நான் செய்ய மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

மூலையில் மண்டியிட்டேன். 'ஆண்டவரே, அந்தப் பெரியவரை எடுத்துக்கொள்ளும்' என்றேன். ஆமாம், அப்படித்தான் ஜெபித்தேன். என் குரல் என் காதிலேயே விழுந்தது. எழுந்தேன், நடந்தேன், மறுபடி மண்டியிட்டேன். 'மன்னியும். இரண்டு பேரும் இருக்கட்டும். எப்படி என்று எனக்குத் தெரியாது.'

நர்ஸ் கூப்பிட்டார். கிரேஸின் தொண்டையில் குழாய் வைத்து, பந்து போல ஒரு பையைப் பொருத்தியிருந்தார்கள். "இத அமுக்கினாத்தான் அவளுக்கு மூச்சு. நிறுத்தவே கூடாது" என்றார்.

அமுக்கினேன். ஒரு மணி நேரத்தில் விரல்கள் மரத்துவிட்டன. அப்போது கைலி கட்டிய ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். "குடு அண்ணாத்தே, கை மாத்திக்கலாம். உள்ள மெஷின்ல கீறவரு எங்கப்பாரு."

அமுக்குவதை நிறுத்தாமலே சொல்ல ஆரம்பித்தேன். "நான் டாக்டர்கிட்ட..."

"கேட்டுகினுதான் இருந்தேன். எம்பொண்ணுன்னா நானும் அதான் கேட்டிருப்பேன். எவ்ளோ வேகமா அமுக்கணும், சொல்லு."

அவர் பெயர் முனுசாமி, ஆவடிக்குப் பக்கத்துக் கோவில்பதாகை ஊர்க்காரர். அவரைப் பார்த்து, வராந்தாவில் சண்டை போட்டவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். பை கை மாறி மாறி ஓடியது. மறுநாள் மத்தியானம், முனுசாமியின் கையில் பை இருக்கும்போதுதான் கிரேஸ் தானாக மூச்சிழுத்தாள்.

நான்கு நாள் கழித்துப் பெரியவர் இறந்துபோனார். கடைசிவரை மெஷின் அவரிடமே இருந்தது. பாடைக்குத் தோள் கொடுத்தேன். என் முதல் ஜெபத்தையும் ஆண்டவர் கேட்டுவிட்டாரோ என்ற பயம் இன்றும் என்னை உலுக்குகிறது. இல்லை என்று போதகர் சொல்கிறார். அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

கிரேஸ் இப்போது பத்தாம் வகுப்பு. கர்த்தருக்கு நன்றி சொல்லி முடியவில்லை. ஆபத்தில் இருப்பவர்களே, தயங்காமல் அவரிடம் கேளுங்கள். அடுத்த கட்டிலில் இருப்பவர் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். தெரியாவிட்டால், போய் விசாரித்துவிட்டு வந்து மண்டியிடுங்கள்.