சொக்கலிங்கம் முதலாளி உபயத்தில் பறக்கும் தட்டு

1. பன்னிரண்டு நாற்காலி

பறக்கும் தட்டு ஆராய்ச்சிச் சங்கத்துக்குள் நான் நுழைந்தது பன்னிரண்டு மடக்கு நாற்காலிகளோடு. மலாக்காவில் காஜா பேராங்கில் பந்தல், நாற்காலி, மைக் செட், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது என் தொழில். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, எஸ்டேட்டிலிருந்து மாற்றுச் சட்டை இல்லாமல் மலாக்கா வந்தவன், நாடு சுதந்திரம் அடைந்த வருடம் சொந்த லோரி வைத்திருந்தேன். அந்த நாளில் ஊரில் எந்தக் கல்யாணத்தில் எவ்வளவு பெரிய மனிதர் உட்கார்ந்தாலும் என் நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

சங்கத்தை ஆரம்பித்தவர் ஞானப்பிரகாசம் மாஸ்டர். ஆங்கிலப் பள்ளியில் விஞ்ஞானம் நடத்தியவர். முதல் கூட்டத்துக்கு நாற்காலி கேட்டிருந்தார். வந்தது ஐந்து பேர். என் நாற்காலி காலியாகக் கிடந்தால் எனக்கு வயிறு எரியும். நானே ஒன்றில் உட்கார்ந்தேன். கூட்டம் முடிந்தபோது நான் பொருளாளர். கோயில் திருவிழாவுக்கு வசூல் செய்த ஆள் அங்கே நான் ஒருவன்தான்.

பதிவு செய்யப் போன ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த கிராணி மாஸ்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கோயில் சங்கமா, சாவுச் செலவுக்குக் காசு சேர்க்கும் சங்கமா, தமிழர்கள் வந்தால் இந்த இரண்டில் ஒன்றுதானே என்று கேட்டார். அதுக்கும் மேலே என்று நான் கையை உயர்த்திக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். லாபம் பார்க்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அந்த விதியை மீற எங்களுக்குக் கடைசி வரை வாய்ப்பு வரவில்லை.

வேலை இதுதான். யாராவது வானத்தில் வெளிச்சம் பார்த்ததாகச் சொன்னால் என் லோரியில் போய் விசாரிப்போம். எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், நகர்ந்ததா, நின்றதா என்று மாஸ்டர் கேட்பார். மலாயிலும் சீனர்கள் பேசும் ஹொக்கியனிலும் நான் கேட்டுச் சொல்வேன். இரண்டையும் பாசார் கடைகளிலேயே கற்றவன் நான். பிறகு அது என்னவென்று தேடுவோம். பெரும்பாலும் கப்பல் விளக்காக இருக்கும், இல்லையென்றால் விளக்குக் கட்டி விட்ட பட்டம். கண்டுபிடித்தால் மாஸ்டர் முகம் மலரும், என் முகம் தொங்கும். "தட்டு இல்லன்னு தெரிஞ்சிக்கிறதும் ஆராய்ச்சிதான், வீரையா," என்பார்.

2. உபயம்

பெட்ரோலுக்கு மாஸ்டர் தன் சம்பளத்தில் கொடுத்தார். இது சரிப்படாது என்று நான் ஒரு வழி செய்தேன். கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். அன்றைய செலவு அவர்களுடையது, மரியாதையும் அவர்களுக்கே. அதையே வானத்துக்குக் கொண்டுவந்தேன். சனிக்கிழமை தோறும் பொழுது சாயும் நேரத்தில் வானம் பார்ப்பது. அன்றைய உபயக்காரர் பெட்ரோல், டீ, கடலைச் சுண்டல் கொடுப்பது. நான் மாலை போட்டு மைக்கில் பெயர் சொல்வது. படித்த மாஸ்டருக்கே தோன்றாத யோசனை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

இடம் கொடுத்தவர் பக்கத்துச் சிட்டிக் கம்பத்துத் தேவநாயகம் பிள்ளை. பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ்ச் சிட்டி வம்சம், அவர் வீட்டில் பேச்செல்லாம் மலாய்தான். ஆனாலும் உபயம் என்றதும் எனக்கு ஒரு விளக்கமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன் வயல் மேட்டைக் காட்டி, எடுத்துக்கொள் என்றுவிட்டார்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. உபயம் செய்தவர் தரிசனம் கேட்பார். நகைக்கடைக்காரர் ஒருவர் வழியில் மறித்து, "என் உபயத்தன்னைக்கு மழையக் காட்டுனீங்க. என் மச்சான் உபயத்துக்கு மட்டும் ஏதோ மின்னுச்சாமே?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். அது சிங்கப்பூர் விமானம் என்று சொன்னேன். அப்படியானால் தனக்கு விமானம்கூடக் காட்டவில்லையே என்றார். ஒவ்வொருவராக விலகினார்கள்.

வெறும் கண்ணால் பார்த்தது போதும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். சிங்கப்பூரில் ஒரு கடையில் நல்ல டெலஸ்கோப் இருந்தது. ஆண்டுக் கூட்டத்துக்குள் அது கைக்கு வராவிட்டால் சங்கத்தை மூடிவிடலாம் என்று தீர்மானம் ஆயிற்று. நான் பொருளாளராக இருக்கும் சங்கம் காசில்லாமல் மூடுவதா? ஊர் என்னைப் பற்றி என்ன பேசும்?

ஜாலான் பெண்டஹாரா தெருவில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்த சொக்கலிங்கம் முதலாளியிடம் போனேன். அவர் சேலை மடித்துக்கொண்டே சொன்னார்: "என் உபயத்தன்னைக்கு மேல ஏதாச்சும் வரணும், வீரையா. வந்தா டெலஸ்கோப்பு என்னோடது. வரலன்னா டீத் தண்ணியோட சரி."

3. பலூன்

அந்த வாரமே மாஸ்டர் ஆங்கிலப் பத்திரிகையோடு என் ஸ்டோருக்கு ஓடி வந்தார். அமெரிக்காக்காரன் ஒரு பெரிய பலூனை வானத்துக்கும் மேலே அனுப்பியிருக்கிறானாம். வெள்ளித்தாள் மாதிரி மினுங்கிக்கொண்டு பூமியைச் சுற்றிச் சுற்றி வருமாம். வரும் சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் நம் ஊருக்கு மேலேயே போகுமாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் லோரியில் ஏறிப் போய், சனிக்கிழமையை முதலாளிக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாஸ்டருக்கு விஷயம் புரிந்ததும் முகம் மாறியது. "பலூன்னு சொல்லிட்டீங்கதானே?"

"நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேணாம், மாஸ்டர். சும்மா இருந்தா போதும்."

"நான் சும்மாவே இருக்கேன். மைக்கு உங்க கையிலதான இருக்கும்? நீங்க என்ன சொல்லுவீங்க?"

நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

சனிக்கிழமை வயல் மேட்டை நான் அலங்கரித்ததைப் போல அதுவரை மலாக்காவில் யாரும் அலங்கரித்ததில்லை. நாலு பக்கமும் சீரியல் பல்பு, வாசலில் டியூப் லைட். முதலாளி பட்டு வேட்டியில் குடும்பத்தோடு வந்தார். கடைச் சிப்பந்திகள், அக்கம்பக்கத்து ஜனங்கள் என்று என் நாற்காலி ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். என் பல்புகளைத் தவிர மேலே ஒன்றும் தெரியவில்லை. வானம் பார்க்க வந்த இடத்தில் வானத்தையே மறைத்துவிட்டேன். தேவநாயகம் பிள்ளைதான் பக்கத்தில் வந்து, "மாத்திக்கான் லம்பு, வீரையா," என்றார். விளக்கை அணை என்று அர்த்தம். ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினேன். மைக் மட்டும் லோரி பேட்டரியில் உயிரோடு இருந்தது.

இருட்டு பழகுவதற்குள் அது வந்துவிட்டது. கடல் பக்கமிருந்து ஒரு வெளிச்சம், எந்த நட்சத்திரத்தையும் விடப் பெரிதாக, சத்தமே இல்லாமல் எங்கள் தலைக்கு மேலே நகர்ந்தது.  முதலாளி என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். "என் உபயத்துக்குத் தட்டு வந்திருச்சு. டெலஸ்கோப்பு வாங்கித் தர்றேன்," என்று சத்தமாகச் சொன்னார். அவர் மனைவி மீனாட்சியம்மா தாம்பாளத்தில் கற்பூரம் ஏற்றி வானத்தைப் பார்த்துத் தூக்கினார்.

மைக் திரும்பி என் கைக்கு வந்தது. நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் டெலஸ்கோப் எங்களுடையது. மாஸ்டர் தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் மைக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தேர்தலில் அடித்துக்கொண்ட இரண்டு கட்சிக்காரர்களும் என் மைக்கைத்தான் வாடகைக்கு எடுத்தார்கள். கல்யாணத்துக்கு வராத பெரிய மனிதரை வந்ததாக ஒருநாளும் அதில் சொன்னதில்லை. அந்தப் பெயர் நான் சம்பாதித்தது; யாரும் எனக்குக் கொடுத்தது இல்லை.

"முதலாளி, மன்னிக்கணும்," என்றேன். "இது தட்டு இல்ல. அமெரிக்காக்காரன் விட்ட பலூன். இன்னைக்கு இந்த நேரத்துக்கு வரும்னு மாஸ்டருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. வெளிச்சம் புக்கிட் பாரு பக்கம் போய் மறையும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். மீனாட்சியம்மா மட்டும், "ஏத்துன கற்பூரத்த இப்ப நான் யாருக்குக் காட்டுறது?" என்றார். தேவநாயகம் பிள்ளை கோயில் இருந்த திசையைக் கை காட்ட, அந்த அம்மா அப்படியே திரும்பிக் காட்டினார்.

முதலாளி மாஸ்டரிடம் போனார். "வரும்னு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எந்தப் பக்கமா வரும்னுமா?"

"அதுவும் தெரியும். நாளைக்கு சாயங்காலமும் வரும். கொஞ்சம் வடக்கே தள்ளிப் போகும்."

 முதலாளி என் பக்கம் திரும்பினார். "மெட்ராஸ்லேருந்து என் சரக்குக் கப்பல் எப்ப வரும்னு ஏஜெண்டுக்கே தெரியல. ஆகாசத்துல போறது எப்ப வரும்னு இந்த மனுசனுக்குத் தெரியுது. நாளைக்கும் என் உபயந்தான்யா. அந்த ஏஜெண்டக் கூட்டிட்டு வந்து உக்கார வைக்கிறேன்."

4. கண்ணாடியில் பெயர்

தட்டு இல்லையென்றாலும் சொன்னபடி டெலஸ்கோப் வந்தது. முதலாளி தன் பெயரை எழுதச் சொன்னார், அதுவும் முன்னால் இருந்த பெரிய கண்ணாடியில். கோயில் டியூப் லைட்டில் அப்படித்தானே எழுதுகிறார்கள் என்றார்.

"கண்ணாடியில எழுதுனா நிலாவப் பாக்குறப்ப உங்க பேருதான் தெரியும், முதலாளி," என்றார் மாஸ்டர்.

"தெரியட்டுமே," என்றார் முதலாளி.

நான்தான் குழாயின் மேல் மஞ்சள் பெயிண்டில் பெரிதாக எழுத வைத்துச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகு பல வருடம் சங்கம் நடந்தது. தட்டு ஒருநாளும் வரவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் உபயக்காரருக்கு மாலை போட்டு, மைக்கில் பெயர் சொல்லி, "இன்னைக்கு ஒண்ணும் வரல" என்று அறிவிப்பேன். ஜனங்கள் கை தட்டிவிட்டுச் சுண்டல் சாப்பிடுவார்கள். அந்த நகைக்கடைக்காரர்கூடத் திரும்பி வந்து, தன் நாளில் வராததையும் மைக்கில் சொல்லவேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

சங்கம் நடத்துகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கொடுத்தவர் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். வராததை வரவில்லை என்று அதே சத்தத்தில் சொல்லுங்கள். அப்புறம் கூட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முதல் கூட்டத்துக்குக் கொண்டுபோன பன்னிரண்டு நாற்காலி போதவில்லை. சங்கத்துக்கென்றே இருநூறு வாங்க வேண்டியதாயிற்று.