கேட்டுக்கு வெளியே ஒரு கால்

அந்தப் படத்தை நான் எடுக்கவில்லை.

ஒன்பது ஆண்டுகளாக என் பெயரில் இருக்கும் படம்! எனக்குப் பிழைப்பைத் தந்த படம்! எடுத்தவள் செல்வி. திருடியவள் நான். உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

வேலை வாங்கித் தருவதாக அழைத்துச் செல்லப்பட்டு, விற்கப்பட்டு, பின்பு மீட்கப்பட்டவர்கள் நாங்கள். அம்பத்தூரில் ஒரு காப்பகத்தில் இருந்தோம். எனக்கு அப்போது பதினேழு வயது. சனிக்கிழமைகளில் லதா மேடம் வந்து புகைப்படம் எடுக்கக் கற்றுத்தருவார். இருவருக்கு ஒரு கேமரா. எனக்குக் கூட்டாளி செல்வி.

கேமராவைக் கண்டாலே எனக்கு உடம்பு நடுங்கும். எங்களைப் படம்பிடித்துக் காட்டித்தானே விலை பேசினார்கள்...

"இன்னாடி பயம்? இப்ப நம்மள யாரும் எடுக்கல. நாமதான் எடுக்கறோம். புடி!" என்று அதை என் கையில் திணித்தவள் அவள்தான்.

ஒருநாள் தண்ணீர் லாரிக்காக, எப்போதும் பூட்டியே இருக்கும் கேட்டைத் திறந்திருந்தார்கள். செல்வி ஓடிப்போய் ஒரு காலை மட்டும் தெருவில் வைத்தாள். நகம் உடைந்த அந்தக் காலைப் படமெடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் சாட்சி சொல்ல கோர்ட்டுக்குப் போயிருந்தாள். படத்தைப் பார்த்த மேடம் அசந்துபோனார்.

"யாரும்மா எடுத்தது?"

"நான்தான் மேடம்."

ஏன் சொன்னேன்? அதுவரை யாரும் என்னை அப்படி வியந்து பார்த்ததில்லை... அதெல்லாம் ஒரு காரணமா!

எங்கள் படங்களை வைத்து மேடம் நடத்திய கண்காட்சியில் அந்தப் படத்தின் கீழ் என் பெயர். செல்வி வெகுநேரம் அதன் முன்னே நின்றாள். அவள் கால் அவளுக்குத் தெரியாதா!

"சூப்பரா கீதுடி" என்றாள்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் காட்டுப்பாக்கத்து ஸ்டுடியோவில் என்னை வேலைக்கு எடுத்தார்கள். இன்று கல்யாணக் கூட்டத்தின் நடுவே நடுங்காமல் நிற்கிறேன். ஆண்களை "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்று அதட்டுகிறேன்! இந்தத் துணிச்சல் முழுக்க அவள் கொடுத்தது.

போன மாதம் திருமழிசையில் அவள் மகளுக்குக் காதுகுத்து. "நீ வந்துதான் எடுக்கணும்" என்று போனில் கட்டளையிட்டாள். போனேன். கணவரிடம் என்னைக் காட்டினாள்.

"சொல்லிகினே இருப்பேனே, கேட்டாண்ட கால் வெச்ச போட்டோ... இவதான் எடுத்தா!"

அவள் குரலில் குத்தலைத் தேடினேன். இல்லை. பெருமைதான் இருந்தது.

அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டாமா?

"எங்க மூணு பேரையும் ஒண்ணா எடுங்க சிஸ்டர்" என்றார் அவர். எடுத்தேன்.

செல்விக்கு நன்றி சொல்ல நினைக்கும்போதெல்லாம் மன்னிப்பு முந்திக்கொண்டு வந்து வழியை மறித்துவிடுகிறது... அன்றும் இரண்டையும் சொல்லவில்லை. அவள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன்.