வெயிலில் நாலு செல்

“நிறுத்து சார், நிறுத்து! ஆலா குரலா இது? எருமை கத்துறாப்ல கீது.”

கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருந்த தானியேல் டேப் ரிக்கார்டரை அணைத்தார். மேட்டுத்திட்டின் மேல் வட்டமடித்த ஆலாக்கள் கலைந்து பள்ளத்திட்டுக்கே திரும்பின. மணலில் நட்ட மரப்பறவைகள் மட்டும் நின்றன.

“செல் தீந்துபோச்சு. வேற இல்ல.”

கத்திய செங்கல்வராயன் அந்த ஏரியில் வலைவிடுபவன். மணல் அடைத்த முகத்துவாரத்தை ஊரார் இன்றைக்கே வெட்டியிருக்க வேண்டும். கடல் ஏரிக்குள் வந்தால் இறால் வரும். ஆலாக்கள் முட்டையிடும் பள்ளத்திட்டு முழுகும். போன வருஷம் வெட்டியபோது முட்டைகள் மிதந்தன. அவை துடுப்பில் மோதிய சத்தம் காதை விட்டுப் போகவில்லை. பறவையின் குரலையே போட்டு மேட்டுக்கு இழுக்கலாம் என்று தானியேல் சொன்னதும், ஊரிடம் ஒரு நாள் தவணை கேட்டான். சும்மா கொடுப்பார்களா? வலைவிடும் இடத்துக்குச் சீட்டுப் போட்டு வீட்டுக்கு வீடு முறை வைத்திருந்தார்கள். அதற்குப் பாடு என்று பெயர். வருஷத்தின் முதல் பாடு அவனுக்கு விழுந்திருந்தது. அதை விட்டுக்கொடுத்தான்.

“இன்னா மாமா, பொம்மை முட்டை வுட்டுதா?” மண்வெட்டிகள் ஏற்றிய படகிலிருந்து கலியன் கத்தினான். பாடு அவனுக்குத்தான் போயிருந்தது.

“உன் வலைய பொத்தலில்லாம வெச்சுக்கோ, போடா!”

செங்கல்வராயன் செல்களைக் கழற்றி, வெயிலில் சுடும் படகுப் பலகையில் பரப்பினான். “டார்ச்சுக்கு என் பொண்டாட்டி இப்படித்தான் செய்வா.”

“ஹாஸ்டல்ல நாங்களும் செய்வோம். ரொம்ப நேரம் தாங்காது.”

“அதுங்க எறங்குற வரைக்கும் தாங்கட்டும்.”

வெயில் சாய்ந்தது. செல்களைப் போட்டதும் குரல் நேராக வந்தது. ஆலாக்கள் திரும்பின. ஒன்று இறங்கி, அலகிலிருந்த மீனை ஒரு மரப்பறவையிடம் நீட்டியது. அது வாங்கவில்லை. மீண்டும் நீட்டியது.

குரல் இழுக்க ஆரம்பித்தது. செங்கல்வராயன் சட்டென்று அணைத்தான்.

பறவை எழும்பவில்லை. பக்கத்தில் இன்னொன்று இறங்கியது. பிறகு கூட்டமாக.

மறுநாள் காலையில் முகத்துவாரத்தை வெட்டினார்கள். மதியத்துக்குள் பள்ளத்திட்டு முழுகியது. அங்கேயே தங்கிவிட்ட ஆலாக்கள் தண்ணீர்மேல் சுற்றிவிட்டுத் தெற்கே போயின. மற்றவை மேட்டில் மணலைக் கிளறிக்கொண்டிருந்தன. கலியன் வலையில் நல்ல இறால். ஒரு கூடை கொண்டுவந்தான். செங்கல்வராயனின் மனைவி கங்கம்மாள், புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடையைத் திருப்பி அனுப்பினாள். அடுத்த பாடு வரும்வரை பிழைக்கச் செங்கல்வராயன் கும்மிடிப்பூண்டி பஸ் ஏறினான். அங்கே ஓர் இரும்புப் பட்டறையில் ஆள் எடுத்தார்கள்.