ஆலாக்கள் விழுந்த வருஷம்

துறைமுகத்தில் அவளுக்கு ஆலாக்கா என்று பெயர். பறவைத் தீவின் காவலர். கூட்டை நெருங்கியவன் மண்டையைக் கொத்த வரும் ஆலாப் பறவை மாதிரியே, முட்டைக் காலத்தில் யார் கரையேறினாலும் இவளும் பாய்ந்து வருவாள். புருஷன் இறந்துபோன பிறகு, சும்மா உட்கார முடியாமல் கேட்டு வாங்கிய வேலை. தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் வீடு.

அந்த வருஷம் குஞ்சு பொரித்த சமயத்தில் பறவைக் காய்ச்சல் வந்தது. முதலில் ஒன்றிரண்டு ஆலாக்கள் தலையைத் தூக்க முடியாமல் மணலில் சுற்றின. கொஞ்ச நாளில் கரையெங்கும் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. வனத்துறை அலுவலகத்திலிருந்து வயர்லெஸ்ஸில் பேசினார்கள். செத்ததை உடனே புதைக்க வேண்டும், ஆனால் ஆள் அனுப்ப இப்போதைக்கு வழியில்லை. கிளம்புவதானால் அடுத்த படகிலேயே கிளம்பலாம்; இருந்துவிட்டால் நோய் அடங்கும்வரை வெளியே வர முடியாது.

அந்தப் படகு அவளுடைய அண்ணனுடையது. அவர் கரையைத் தொடாமல் நிறுத்தினார்.

"ஏறும்மா. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"உயிரோட இருக்கிற குஞ்சுங்க பொணத்துக்கு நடுவுல கெடக்குண்ணே. நான் அள்ளலன்னா அதுங்களும் போயிடும்."

அவர் அரிசியை டிரம்மில் அடைத்து மிதக்கவிட்டுப் போனார். பிறகும் வந்துகொண்டே இருந்தார். அண்ணிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியதிலிருந்து எல்லாவற்றையும் தண்ணீருக்கு அப்பாலிருந்து கத்திச் சொல்வார். பல் போனாலும் வாய் குறையவில்லை என்பார். அவள் முகமூடிக்குள் சிரிப்பாள்.

மற்ற நேரமெல்லாம் குழி வெட்டுவதும் அள்ளுவதும்தான். உயிரோடிருந்த தாய்ப் பறவைகள் அவள் தலையில் கொத்தின. கொத்து விழுந்தால் அவளுக்கு நிம்மதி. ஒருநாள் வடக்குக் கரையில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தாள். ஒரு பறவைகூடக் கொத்த வரவில்லை. அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

மழைக்கு முன் நோய் அடங்கியது. தெற்குக் கரைக் குஞ்சுகளில் பாதிக்குமேல் பறந்துபோயின. அவள் துறைமுகத்தில் இறங்கியபோது தெரிந்தவர்களே தள்ளி நின்றார்கள். அதை அவள் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் மேஜை வேலை தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று திரும்பவும் தீவுக்கே போனாள்.

அடுத்த வருஷம் வடக்குக் கரை வெறிச்சோடிக் கிடந்தது. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. மூன்றாம் வருஷம் சில ஜோடிகள் அங்கே முட்டையிட்டன. அவள் அண்ணனை அழைத்துப்போய்த் தூரத்திலிருந்து காட்டினாள். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.