பஞ்சுக்கடை வீட்டில் ஒரு வைக்கோல் திண்டு

கிருபாவதி மதினி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, அவள் கொண்டுவந்த சாமான்களில் ஒன்று மட்டும் எங்கள் அம்மாவுக்குப் பிடிபடவில்லை. அது ஒரு பூப்போட்ட பை. உள்ளே விரல் நீளத்துக்குக் குச்சிகள். ஒவ்வொன்றும் தலை பெருத்து, இடுப்பு சிறுத்து, கடைசலில் கடைந்து வழவழவென்று இருந்தது. அம்மா ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு கடித்துப் பார்த்தாள்.

"என்னத்தா இது? பல்லு வெளக்கவா?"

"லேஸ் குச்சி அத்தை. கடிக்காதீக. எங்க அய்யா கடைஞ்சு குடுத்தாக."

மதினியின் அய்யா கம்பத்தில் தச்சு வேலை பார்த்தவர். மதினியின் கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோனார். மகள் போர்டிங் பள்ளிக்கூடத்தில் லேஸ் பின்னப் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டு, கொய்யா மரத்தில் ஒவ்வொன்றாகக் கடைந்து அனுப்பிய குச்சிகள் அவை. அவருடைய கை பட்ட பொருள் என்று மதினியிடம் வேறெதுவும் இல்லை. கோபம் வந்தால் அந்தப் பையை மடியில் வைத்துக் குலுக்குவாள். கலகலவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் அண்ணன் கொல்லைப்பக்கம் போய்விடுவான்.

எங்கள் ஐயா ஆதித்தனுக்குப் போடி கடைவீதியில் இலவம்பஞ்சுக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு கதவு. மெத்தை, தலையணை, திண்டு எல்லாம் தைத்து விற்றோம். எங்கள் வீட்டில் எலிகூடப் பஞ்சில்தான் குட்டி போட்டது. சாப்பாட்டில் முடி கிடந்தால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள், "பஞ்சு நாருடி" என்பாள். நானோ எட்டாம் வகுப்பு தேறியவள். அந்த முப்பத்தாறாம் வருஷத்தில் பூமி உருண்டை என்று நிரூபிக்கத் தெரிந்த பெண் போடியில் நான் ஒருத்திதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதை நான் மட்டுமே சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்பதையும் இங்கே சேர்த்துவிடுவது நியாயம்.

எனக்கு ஆண்டிபட்டியில் ஒரு வாத்தியாரைப் பேசி முடித்திருந்தார்கள். தை மாதம் எங்கள் வேதக்கோவிலில் கல்யாணம். வெள்ளைச் சேலை, தலைக்கு மெல்லிய வலை முக்காடு. நான் விடுவேனா? முக்காட்டின் ஓரம் பூராவும் லேஸ் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

"நான் பின்னித் தாரேன்" என்றாள் மதினி.

அம்மா சிரித்தாள். "இந்தக் குச்சிகளை வச்சா? சரி, பின்னு. கல்யாணத்துக்குள்ள ஓரம் முடிஞ்சா குச்சி இந்த வீட்டுல இருக்கட்டும். இல்லையின்னா என் வெந்நி அடுப்புக்குத்தேன்."

அம்மா சும்மா சொல்கிறவள் அல்ல. என் சிலேட்டுச் சட்டம், அண்ணனுடைய புல்லாங்குழல், சித்தப்பா ஆசையாக வாங்கிய கைத்தடி எல்லாம் அந்த அடுப்பு வழியாகத்தான் பரலோகம் போயின. மதினி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"பின்னிருவேன் அத்தை. ஆனா எனக்கு ஒரு திண்டு வேணும். பள்ளிக்கூடத்துத் திண்டை அங்கனயே வச்சுட்டு வந்துட்டேன்."

ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். "பஞ்சுக்கடையில நின்னுக்கிட்டு திண்டு இல்லைங்குறியேம்மா!"

"இந்தத் திண்டு இல்ல மாமா. அது கல்லாட்டம் இருக்கணும். மேல ஒரு அட்டையை வச்சு, பூவோட வடிவத்துக்குக் குண்டூசி குத்துவோம். ஒவ்வொரு குச்சியிலயும் நூல் சுத்தித் தொங்கும். குச்சியை மாத்தி மாத்திப் போட்டா, ஊசியைச் சுத்தி நூலு பின்னிக்கிடும். ஊசி அசைஞ்சா பூ கெட்டுப்போகும். அதனால வைக்கல் அடைக்கணும்."

ஐயாவின் சிரிப்பு பாதியில் நின்றது. கடைவீதியில் வைக்கோல் என்றால் ஒரே அர்த்தம்தான். மேலே பஞ்சு, உள்ளே வைக்கோல் வைத்து ஏமாற்றுகிறவன் என்று அர்த்தம். "என் கடைத் திண்டைக் கிழிச்சுப் பாருங்க, ஒரு தும்பு வைக்கல் இருந்தா அன்னைக்கே கடையை மூடிருதேன்" என்று ஐயா வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். காலை ஜெபத்தை மறந்தாலும் இதை மறக்க மாட்டார்.

"வைக்கல்ங்குற பேச்சே இந்த வீட்டுல வேண்டாம்மா. எவனாவது பார்த்தா என் பேரு நாறிப்போகும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அறிவாளி நான் அங்கே இருந்தேன் அல்லவா? "எதையும் அழுத்தி அடைச்சா கல்லாகும் மதினி. இது விஞ்ஞானம்" என்றேன். முதல் தரப் பஞ்சை மூட்டையோடு அவிழ்த்தோம். நான் அடைத்தேன். அடைக்க அடைக்க உள்ளே போனது. ஒரு மூட்டை முழுக்க ஒரு திண்டுக்குள் போனது என்றால் நம்புவீர்களா? நம்பாதவர்கள் போடிக்கு வந்து விசாரிக்கலாம். என்ன, பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. தைத்து முடித்த திண்டு அவ்வளவு மெத்தென்று இருந்தது. மேல்காற்றில் தூக்கிக்கொண்டு போய்விடுமோ என்று தூணில் கட்டிவைத்தோம்.

மதினி ஒரு குண்டூசியைக் குத்தினாள். அது கொண்டை வரை முங்கிக் காணாமல் போனது. இன்னொன்றைப் பாதி குத்தி நூலை இழுத்தாள். ஊசி கள்ளுக்கடையிலிருந்து வருகிற ஆள் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ராஜாத்தி, உன் விஞ்ஞானம் படுத்துத் தூங்குதுடி."

அதற்குப் பிறகு திருட்டுத்தனம்தான் வழி. அம்மா பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போகிற மத்தியானங்களில் மாட்டுக்கொட்டத்தில் வேலை நடந்தது. வைக்கோலை வெயிலில் காயப்போட்டு, அரிவாள்மணையில் பொடிசாக நறுக்கினோம். காடாத் துணியில் ஒரு நீளப் பை தைத்தாள் மதினி. ஒரு கைப்பிடி வைக்கோல் போடவேண்டும், உலக்கையால் குத்தவேண்டும். மறுபடி ஒரு கைப்பிடி, மறுபடி குத்து. குத்துகிற வேலை எனக்கு. வைக்கோலை எத்தனை தடவை குத்தினேனோ, அதில் பாதித் தடவை என் கால் கட்டைவிரலையும் குத்தினேன். திண்டு கெட்டியானது, விரலும் திண்டு போல ஆனது. நொண்டுவதைப் பார்த்த அம்மா, "கல்யாணப் பொண்ணு, கண்ணுபட்டுப் போச்சு" என்று மிளகாய் சுற்றிப் போட்டாள்.

நிறைந்ததும் மதினி திண்டைத் தூக்கித் தரையில் போட்டாள். தொம்மென்று விழுந்தது. பசுமாடு எழுந்து நின்றுவிட்டது.

"இதுதேன் திண்டு. இன்னும் நாலு நாள் போனா வைக்கல் இறங்கும். பிறகு வாயைத் திறந்து இன்னும் அடைச்சு மூடணும். அதுவரைக்கும் எங்கன ஒளிக்கிறது?"

"கிட்டங்கியில" என்றேன் நான், கடைச் சரக்கு அடுக்கிவைக்கிற அறையை நினைத்து. "கடை உறையை மாட்டி மத்த திண்டுகளோட அடுக்கிருவோம். அம்மா வீடு பூரா துழாவுவா, அங்கன மட்டும் வரமாட்டா."

"வித்துப்போயிராதே?"

"அடியில வைக்கிறேன் மதினி. ஐயா மேல இருந்துதேன் எடுப்பாக. எனக்குத் தெரியாதா?"

எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் வைக்கோல் இறங்கிவிட்டதா என்று அமுக்கிப் பார்க்கிற ஆசை மட்டும் அடங்கவில்லை. தினமும் போய் அடியிலிருந்து உருவி அமுக்கினேன். ஒரு நாள் வாசலில் வளையல்காரி கூப்பிட்ட அவசரத்தில், திண்டை மேலேயே வைத்துவிட்டு ஓடினேன்.

அன்றைக்கென்று உத்தமபாளையத்து நெய்னா ராவுத்தர் மகள் கல்யாணத்துக்கு மெத்தை சாமான் வாங்க வில்வண்டியில் வந்தார். கடையாள் சுருளியாண்டி திண்டைத் தூக்கும்போதே, "என்னா முதலாளி, இந்தக் கனம் கனக்குது?" என்று கேட்டிருக்கிறான். ஐயா பெருமையாக, "நம்ம கடையில கஞ்சத்தனமாவாடா பஞ்சு அடைக்கிறோம்?" என்று சொல்லி ஏற்றி அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் மதினி குச்சிகளில் நூல் சுற்றி முடித்துவிட்டுத் திண்டைத் தேடினாள். அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன். மறுபடி வைக்கோல் நறுக்கலாம் என்றால், அம்மாவின் ஜெபக்கூட்டம் அந்த வாரத்தோடு நின்றுவிட்டது.

உத்தமபாளையத்துக் கல்யாணம் முடிந்ததும் ராவுத்தர் வந்தார். வண்டியிலிருந்து திண்டை இறக்கிக் கடை நடுவில் போட்டார். தொம்மென்ற சத்தம் சமையற்கட்டு வரை கேட்டது. எனக்கும் மதினிக்கும் அது தெரிந்த சத்தம்.

"ஆதித்தா, மாப்பிள்ளை விருந்து சாப்பிட்டுட்டு, ஏப்பம் விட்டுட்டு, ஆசையா இதுல தலையைச் சாச்சாக. மண்டையில கொழுக்கட்டை கணக்கா வீங்கிருச்சு. சம்பந்தி வீட்டுல எம் மூஞ்சியை எங்கன கொண்டுபோய் வைக்க?"

"எங்கடைத் திண்டா ராவுத்தரே? அதுல பஞ்சைத் தவிர..."

"கத்தியைக் குடு."

கிழித்தார். வைக்கோல் கொட்டியது. கடைவீதி மொத்தமும் வாசலில் கூடிவிட்டது. கதவிடுக்கில் பார்த்தேன். ஐயா குனிந்து ஒரு தும்பை எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து கடைச் சாவியை எடுத்தார்.

"சொன்ன சொல்லு சொன்னதுதேன். மூடிருதேன்" என்றார்.

பின்னால் நின்ற அம்மாவுக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. "இந்தக் குச்சியால வந்த கேடு!" என்று மதினி கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு வெந்நி அடுப்பைப் பார்த்து நடந்தாள். பூமி உருண்டை என்று நிரூபிக்கத் தெரிந்த நான் குலுக்கைக்குப் பின்னால் ஒளிந்தேன். நெல் கொட்டுகிற அந்த மண் குதிரும் உருண்டைதான். ஒளிய வசதியானது.

அம்மா பையின் வாயை அவிழ்த்துவிட்டாள். அடுப்பு வெளிச்சம் குச்சிகளில் பட்டது. மதினி போய் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"குடுங்க."

அத்தை என்ற வார்த்தை அதில் இல்லை. அம்மா திகைத்துப்போய்க் கொடுத்துவிட்டாள். வீட்டுப் பெண்கள் யாரும் தாண்டாத அந்த நடுக்கதவைத் தாண்டி மதினி கடைக்குள் போனாள்.

"ராவுத்தரய்யா, இது தலை சாய்க்க அடைச்சதில்ல. நான் வேலை செய்ய அடைச்சது. மாமாவுக்குத் தெரியாது. இதைக் கிட்டங்கியில கொண்டுபோய் வச்சது எங்க வீட்டு அறிவாளி. அந்தா, குலுக்கைக்குப் பின்னாடி நிக்குறா."

கடைவீதி மொத்தமும் எட்டி என்னைப் பார்த்தது.

மதினி தரையில் உட்கார்ந்தாள். கொட்டிய வைக்கோலை அள்ளி உள்ளே திணித்து, கிழிசலை அடிப்பக்கம் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள். குச்சிப் பையிலிருந்து அட்டையையும் ஊசிகளையும் எடுத்து, பக்கத்தில் கிடந்த பஞ்சுத் திண்டில் ஒரு ஊசியைக் குத்தினாள், முங்கியது. வைக்கோல் திண்டில் குத்தினாள், கம்பம் நட்ட மாதிரி நின்றது. அட்டையை வைத்து, ஊசிகளைக் குத்தி, குச்சிகளைத் தொங்கவிட்டாள். அப்புறம் அவள் கை ஓடியது. குச்சிகள் கலகலவென்று ஒன்றை ஒன்று தாண்டிக் குதித்தன. வெற்றிலைக் கடைக்காரர் வெற்றிலையை மெல்ல மறந்து நின்றார். ஊசிகளுக்கு நடுவே வேப்பிலை அளவுக்கு வெள்ளையாக ஒரு இலை வந்தது.

ராவுத்தர் குனிந்து பார்த்தார். "இது திண்டு இல்ல, மிஷின்" என்றார். பிறகு ஐயாவைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப மத்த திண்டெல்லாம்?"

ஐயா கத்தியை அவர் கையிலேயே கொடுத்தார். "எதை வேணும்னாலும் கிழிங்க."

ராவுத்தர் அடுக்கிலிருந்து ஒன்றை உருவிக் கிழித்தார். மேல்காற்று அந்த நேரம் பார்த்துக் கடைக்குள் நுழைந்தது. போடியில் பனிமழை பெய்தது அன்று ஒரு நாள்தான். ராவுத்தரின் தாடி, சுருளியாண்டியின் மீசை, தெருவில் நின்ற கழுதை எல்லாம் வெள்ளை. மூணாறுக்குப் போகிற வழி மறைந்துபோய் ஒரு வண்டி திரும்பி வந்தது என்று நான் சொல்வதுண்டு. அந்த ஒன்றை மட்டும் நீங்கள் நம்பவேண்டாம்.

தும்மித் தும்மிச் சிரித்தார் ராவுத்தர். "மாப்பிள்ளைகிட்ட மிஷின்ல போய் முட்டிக்கிட்டீகன்னு சொல்லிருதேன். ஆனா ஒண்ணு ஆதித்தா, எம் மகளுக்குத் தலையணை உறை ஓரத்துக்கு இந்தப் பூவு வேணும்."

"அதுக்கென்ன, குடுத்துருவோம்" என்றார் ஐயா. சாவி மறுபடி இடுப்பில் ஏறியது. என் முக்காட்டை யாரும் நினைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா கோணி ஊசியோடு வந்து அந்தக் கிழிசலைத் தானே தைத்தாள். தைப்பதற்கு முன் உள்ளே கையை விட்டுப் பார்த்து, "இங்கன மெத்துன்னு கெடக்கே. வைக்கலை எடுத்துட்டு வாடி" என்று என்னை விரட்டினாள். தைத்து முடித்து நூலைக் கடித்துவிட்டு, "பேச்சு பேச்சுத்தேன். கல்யாணத்துக்குள்ள ஓரம் முடியணும்" என்றாள்.

முடியவில்லை. ராவுத்தர் வீட்டு உறைகள் முதலில் போயின. பிறகு அவர் சம்பந்தி வீட்டிலிருந்தும் உறை கேட்டு ஆள் வந்தது. ஐயா அதற்கும் "குடுத்துருவோம்" என்றார். கல்யாணத்தன்று காலையில் என் முக்காட்டில் இடது பக்கம் மட்டும் லேஸ் ஓடியது. வலது பக்கம் மொட்டை. மதினி குச்சிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். குலுக்கக்கூட இல்லை.

அம்மா முக்காட்டை விரித்து இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"கோவில்ல பொம்பளைக எந்தப் பக்கம் உக்காருவோம்?"

"இடது பக்கம் அத்தை."

"அப்ப என் கண்ணுக்கு முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு, தேங்காய் மட்டையை எடுத்து வெந்நி அடுப்பில் வைத்தாள்.

நான் கோவிலுக்குள் நண்டு மாதிரி இடது பக்கத்தை முன்னால் தள்ளிக்கொண்டு நடந்தேன். பொண்ணுக்குக் காலில் ஏதோ குறை என்று ஆண்டிபட்டிக்காரர்கள் பேசிக்கொண்டார்களாம். அதுவும் பாதி உண்மைதான், கட்டைவிரல் இன்னும் ஆறியிருக்கவில்லை. அத்தனை பாடுபட்டும் படம் பிடிக்கிறவர் பெட்டியைக் கொண்டுவந்து வலது பக்கம்தான் நட்டார்.

அந்தப் படம் இப்போதும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ஒரு நூல் லேஸ் தெரியாது. அதனால் என் வீட்டுக்காரர் இந்தக் கதையில் ஒரு சொல்லையும் கடைசி வரை நம்பவில்லை.